பதறாத காரியம் சிதறாது

பொம்மை என்றால் குழந்தைகளுக்கு என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. கல்லூரி மாணவர் முதல் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் வரை, பொம்மை சேகரிப்போர் இன்று எத்தனையோ பேர். தபால் தலையும் பழைய நாணயமும் சேர்த்த அதே ஆசைதான் இப்போது உள்ளங்கையில் அடங்கும் சின்னக் காரையும், பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூத பொம்மையையும் தேடுகிறது. சிலர் ஒரு காலத்தில் பினாக்கா பற்பசையோடு இனாமாக வந்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மிருகங்களைத் தேடுகிறார்கள். வேறு சிலருக்குப் பழைய மரப்பாச்சி வேண்டும். தாத்தா காலத்துக் கொலு பொம்மை வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வேண்டும். இதில் தவறு ஒன்றும் இல்லை. மனத்துக்குப் பிடித்த ஒரு பொருளைச் சேர்த்து, துடைத்து, அடுக்கி வைத்துப் பார்ப்பது எத்தனையோ பொழுதுபோக்குகளைவிட மேலானது.

ஆனால் இந்தச் சரக்கு விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் கடைத்தெருவில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஆகவே சேகரிப்போருக்குக் கைப்பேசியே கடைத்தெருவாகிவிட்டது. விற்பவர் யார், எந்த ஊர், பொருள் அவர் கையில் இருக்கிறதா என்று எதுவும் தெரியாது. ஒரு படம், ஒரு விலை, ஒரு கியூ.ஆர். கட்டம், இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பணம் போய்விடுகிறது, பொம்மை வருவதில்லை.

இந்த மோசடிகளை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். ஏமாந்தவர்கள் மூடர்கள் அல்லர். நிதானம் காட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள்; அவசரப்பட வேண்டிய இடத்தில் தயங்கி நின்றிருக்கிறார்கள். பணம் அனுப்பச் சில நொடிகள். புகார் கொடுக்கப் பல நாட்கள். இந்த வரிசையைத் திருப்பி வைத்தால் பாதி மோசடி அற்றுப்போகும்.

விலை ஏறும் விந்தை

ஒரு பொம்மைக்கு இத்தனை விலையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமே. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மட்டெல் கம்பெனி 1968-ல் 'ஹாட் வீல்ஸ்' என்ற சின்னக் கார்களை வெளியிட்டது. 1995 முதல் 'டிரெஷர் ஹன்ட்' என்ற பெயரில் சில கார்களைக் குறைந்த எண்ணிக்கையில் கலந்து அனுப்பத் தொடங்கியது. 2007 முதல் அதிலும் அபூர்வமான 'சூப்பர் டிரெஷர் ஹன்ட்' வந்தது. ரப்பர் சக்கரமும் தனி மினுக்கு வண்ணமும் அதன் அடையாளங்கள். கடையில் அது மற்றக் கார்களோடு அதே விலையில்தான் தொங்கும். கண்டெடுத்தவர் கைமாற்றும்போது விலை பல மடங்காகிறது.

'லபுபு' என்னும் பூத பொம்மையின் கதையும் இதுவே. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015-ல் உருவாக்கிய பாத்திரம் அது. 2019 முதல் சீனாவின் 'பாப் மார்ட்' கம்பெனி அதை விற்று வருகிறது. உள்ளே எந்த வண்ண பொம்மை இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். 2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஏலத்தில் 131 சென்டிமீட்டர் உயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. இந்தியப் பணத்தில் அது ஒன்றேகால் கோடி ரூபாய் அளவு.

இப்படிப்பட்ட செய்திகள் பரவும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வாங்குபவர் மனத்தில், இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்ற பதற்றம் பிறக்கிறது. மோசடிப் பேர்வழிக்கு அந்தப் பதற்றமே மூலதனம். அவன் விற்பது பொம்மையை அல்ல, அவசரத்தைத்தான்.

மோசக்காரர்களின் வழிகள்

முதல் வழி, இரவல் படம். வேறொருவர் எடுத்துப் போட்ட படத்தைத் திருடி, சந்தை விலையில் பாதி சொல்லுவான். "மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள் சார், ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கே வைத்துவிடுகிறேன்" என்பான். ஆயிரம் வந்ததும் கூரியர் செலவு என்று இருநூறு. பிறகு இன்ஷூரன்ஸ், பிறகு ஜி.எஸ்.டி., "எல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்ற உறுதிமொழி. முதலில் போன பணத்தைக் காப்பாற்றுவதற்காகவே வாங்குபவர் மேலும் மேலும் அனுப்புவார். சூதாட்டத்தில் தோற்றவன் நிலைதான் இது.

இரண்டாவது வழி, மரியாதைக்குரிய வேஷம். இராணுவ உடையில் ஒரு படம், ஓர் அடையாள அட்டை, "வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, அதனால் குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்ற கதை. இணையத்தில் பழைய பொருள் விற்கும் இடங்களில் இந்தியா முழுவதும் பலரை ஏமாற்றிய கதை இது. அட்டையைக் காட்டுகிறவர் நல்லவர் என்று பொருள் இல்லை. தெரியாத ஒருவருக்குத் தம் அடையாள அட்டையை வலிய அனுப்புகிற சிப்பாய் அபூர்வம் என்பதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது வழி, சரக்கில் கலப்படம். பொருள் வரும், ஆனால் அசல் வராது. சாதாரணக் காருக்கு ரப்பர் சக்கரம் மாட்டி அபூர்வமானது என்று விற்பது உண்டு. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை மாற்றி, மறுபடி ஒட்டி அனுப்புவதும் உண்டு. அசல் லபுபுவுக்கு 9 பற்கள். போலிக்குச் சில சமயம் அந்தக் கணக்கே தவறிவிடும். போலி பொம்மையினால் பணம் மட்டும் நஷ்டம் என்று எண்ணக் கூடாது. எளிதில் பிய்ந்துவரும் பாகங்கள் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடலாம் என்று போலி லபுபு பற்றி அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சேகரிப்புக்கென வாங்கியதை வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்குமுன் இதை நினைக்க வேண்டும்.

நான்காவது வழி, விற்பவரையே ஏமாற்றுவது. சேகரிப்பவர் தம்மிடம் இரண்டாக உள்ளதில் ஒன்றை விற்க முன்வருவார். உடனே ஓர் ஆசாமி பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வான். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பான். போட்டதும் பணம் வருவதற்குப் பதில் போய்விடும். யு.பி.ஐ. முறை 2016-ல் வந்தது முதல் இன்றுவரை விதி ஒன்றே: பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, கொடுப்பதற்கு மட்டுமே தேவை. தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் கியூ.ஆர். கட்டமும், "பணம் போட்டுவிட்டேன்" என்று காட்டும் பொய்ப் படமும் இன்னும் உலவுகின்றன. படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்ப வேண்டும்.

பழம்பொருள் ஆசைக்கு வேறொரு கண்ணியும் உண்டு. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, கமிஷன் என்றும் வரி என்றும் பணம் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்ட் 4-ல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. பொம்மைக்கும் இதே சூத்திரம் பொருந்தும். "இருநூறு வருஷத்து மரப்பாச்சி" என்று ஒருவர் விற்க வந்தால், 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளை வியாபாரம் செய்ய 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லிப் பார்க்கலாம். அநேகமாக மரப்பாச்சியின் வயது அப்போதே குறைந்துவிடும்.

சந்தை கற்றுக் கொடுத்தது

காணாத சரக்கை வாங்கும் சங்கடம் புதிதல்ல. 1877 முதல் இந்தியத் தபால் இலாகாவில் வி.பி.பி. முறை இருந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்துக்கு எழுதிப்போட்டவர், தபால்காரரிடம் பணம் கட்டிய பிறகே பார்சலைப் பிரிக்க முடியும். ஆனாலும் பார்சல் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பணம் கைமாறியது. இடையில் தபால் இலாகா என்ற மூன்றாவது ஆள் ஒருவர் நின்றார்.

இணைய வியாபாரத்திலும் வெற்றி பெற்றவர்கள் இந்த மூன்றாவது ஆளைத்தான் தேடினார்கள். அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய 'ஈபே', வாங்கியவர் விற்றவரைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி அபிப்பிராயம் எழுதும் முறையை 1996-ல் கொண்டுவந்தது. சீனாவில் 2003-ல் தொடங்கிய 'டாவ்பாவ்', வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சரக்கு சரியாக வந்தது என்று அவர் சொன்ன பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. முன்பின் தெரியாதவர்கள் இலட்சக்கணக்கில் வியாபாரம் செய்ய முடிந்தது இதனால்தான்.

தெரியாதவரின் யு.பி.ஐ. எண்ணுக்கு நேரே பணம் அனுப்பும்போது இந்த மூன்றாவது ஆள் இல்லை. வங்கி வெறும் தூதுவன். பின் நம்பரைப் போட்டவர் தாமே சம்மதித்துக் கொடுத்ததாகத்தான் கணக்கு. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளும் இங்கே முழுத் துணை அல்ல. வியாபாரமாக அல்லாமல், சொந்த ஹோதாவில் எப்போதாவது ஒரு பொருளை விற்கும் தனி மனிதரை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே வாங்குபவரே தமக்குக் காவலாக இருக்க வேண்டியிருக்கிறது.

பணம் அனுப்புமுன்

அந்தக் காவல் கடினமானது அல்ல. பொம்மைக்குப் பக்கத்தில், அன்றைய தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துப் புதிய படம் ஒன்று அனுப்பும்படி கேட்க வேண்டும். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிஷ வேலை. இல்லாதவருக்கு நூறு சாக்கு கிடைக்கும். அடுத்து வீடியோ அழைப்பில் பொம்மையைத் திருப்பி, அடிப்பாகத்தையும் பெட்டியின் ஒட்டையும் காட்டச் சொல்லலாம். படத்தைக் கொண்டு படத்தைத் தேடும் வசதி கைப்பேசியில் இருக்கிறது. அதே படம் வேறு யாருடைய பக்கத்திலாவது இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

பணம் அனுப்பும் திரையில் வங்கியில் பதிவான பெயர் தெரியும். விற்பவர் சொன்ன பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அது மச்சான் கணக்கு" என்ற பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சேகரிப்போர் குழுக்களில் வெகுநாள் இருப்பவர்களிடம் விசாரிப்பதும் நல்லது. எழுதிய புகழ்ச்சியைப் படிப்பதோடு நில்லாமல், முன்பு வாங்கிய ஒருவரோடு நேரில் பேச வேண்டும். பொருள் வந்ததும் கொடுக்கும் முறையோ, விற்பனைத் தளமே பணத்தைப் பிடித்து வைக்கும் முறையோ இருந்தால் நாலு காசு கூடுதலானாலும் அதுவே மேல். பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டுப் பிரிக்காத நிலையிலிருந்து இடைவிடாமல் வீடியோ எடுப்பது பிற்காலச் சாட்சி.

இவ்வளவுக்கும் விற்பவர் கோபித்துக்கொண்டால்? கோபிக்கட்டும். நல்ல வியாபாரி கேள்விக்கு அஞ்சமாட்டார். போலிகள் பெருகினால் முதல் நஷ்டம் அவருக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

நாற்பது கிலோமீட்டர்

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை ஒன்று உண்டு. அது நேரில் பார்ப்பது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் தூரம். இரண்டு ஊரும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கின்றன, ரயிலும் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனோ சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று பல திசைப் பாதைகள் கூடும் இடம். "விழுப்புரத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்லுகிறவரிடம் திண்டிவனத்துக்காரர், "ஞாயிற்றுக்கிழமை காலை ஜங்ஷன் வாசலுக்கு வருகிறேன், பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன்" என்று சொன்னால் போதும். உண்மையானவர் நேரம் கேட்பார். பொய்யர் அன்றைக்கே வெளியூர் போய்விடுவார். பஸ் கட்டணத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் மிஞ்சும்.

நேரில் போவதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஜன நடமாட்டம் உள்ள இடத்தில், பகல் வேளையில், துணையோடு சந்திக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் போகவே கூடாது.

கொலு பொம்மை தேடுவோருக்கு இது இன்னும் சுலபம். விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பண்ருட்டியில், வையாபுரிப்பட்டினத்துப் பொம்மைகள் பிரசித்தம். விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் காகிதக் கூழால் விநாயகர் சிலை செய்யும் குடும்பங்கள் உண்டு. செய்கிறவர் வீட்டு வாசலிலேயே நின்று பார்த்து வாங்கக்கூடிய பொருளுக்கு, முகமறியாத யாரோ ஒருவருக்கு அட்வான்ஸ் அனுப்புவானேன்?

ஏமாந்த பிறகு

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் சில சமயம் சறுக்கும். அப்போதுதான் வேகம் வேண்டும். 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 30 முதல் நடந்துவரும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். விழுப்புரம் மாவட்டக் காவல்துறைக்குத் தனி சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை முடக்க முடியும். ஆனால் மோசக்காரர்கள் அதை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கும் சிதறடிக்க நெடுநேரம் ஆகாது. முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. மறுநாள் அது பித்தளை.

வங்கிச் செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண், பேசிய கைப்பேசி எண், உரையாடல், படங்கள் எதையும் வெட்கப்பட்டு அழிக்கக் கூடாது. அவைதாம் சாட்சி. எந்த ஊரில் குற்றம் நடந்தது என்று பாராமல் புகாரை ஏற்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

இன்னொரு வலையும் இருக்கிறது. ஏமாந்தவரைத் தேடி, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று அதிகாரி வேஷத்தில் ஒருவன் வருவான். 1930-ல் புகார் செய்யக் கட்டணம் கிடையாது. மீட்கப் பணம் கேட்பவன் இரண்டாவது திருடன்.

வீட்டாரும் ஊராரும்

புகார் தாமதமாவதற்குச் சட்டம் தெரியாமை மட்டும் காரணம் அல்ல. பெரும்பாலும் பயமே காரணம். "பொம்மைக்கா இத்தனை பணம் கொடுத்தாய்?" என்று அப்பா கேட்பாரே என்று பையன் வாய் திறக்கமாட்டான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய வாலிபர் மனைவியிடம் மறைப்பார். இந்த மௌனம்தான் மோசக்காரனுக்குக் கவசம். வீட்டில் உள்ளவர்கள் திட்டுவதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, முதலில் 1930-ஐ அழைக்கட்டும். புகாரை வாங்கும் காவலரும், போனது பொம்மைக்காசுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரம் ரூபாயாக நூறு பேரிடம் பறித்தவன் லட்சம் ரூபாய்த் திருடன். நூறு பேரும் சொன்னால்தான் அது தெரியவரும்.

வேறொரு கடமையும் உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்டு இளைஞர்களை வளைக்கும் கும்பல்கள் உண்டு. திருட்டுப் பணம் ஓடும் வாய்க்கால் அந்த வாடகைக் கணக்குகள்தாம். கமிஷன் சில ஆயிரம்; வழக்கு வந்தால் நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரன். இதைக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்வது அவசியம்.

கடைசியாக, பழைய பொருள் விற்க இடம் கொடுக்கும் விற்பனைத் தளங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. விளம்பரம் போட இடம் கொடுத்துவிட்டு, கொடுக்கல் வாங்கல் உங்கள் பாடு என்று ஒதுங்குவது நியாயம் அல்ல. பொருள் வந்து சேரும் வரை பணத்தைத் தம்மிடம் பிடித்துவைக்கும் ஏற்பாட்டைத் தனி நபர் விற்பனைக்கும் அவர்கள் கொண்டுவர வேண்டும். மற்ற நாடுகளில் இருபது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டியதை இங்கே செய்ய முடியாது என்று சொல்ல இடமில்லை. அரசும் அதை விதியாக்க யோசிக்கலாம்.

அதுவரை வாங்குபவரிடம் இருக்கும் ஆயுதம் பொறுமை ஒன்றே. ஓர் இரவு காத்திருந்தால் கைவிட்டுப் போகக்கூடிய பொம்மை போகட்டும்; வேறொன்று வரும். "இப்போதே அனுப்புங்கள்" என்ற சொல் காதில் விழுந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடத் தெரிந்தவரை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது.